இதயச் சுவர்க் கிழிசல் அறுவைச் சிகிச்சை: காத்திருப்பின் வரலாறு

மாரடைப்பில் இறந்துபட்ட இதயத் தசை வடுவாக இறுகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, நைந்த தசை கிழிபடக்கூடும். கீழறைகளின் இடைச்சுவர் கிழிந்தால் இடப்பக்கக் குருதி வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலைத் திணறச் செய்யும். வெளிச்சுவர் கிழிந்தால் பெரும்பாலோர்க்குச் சில நிமிடங்களே எஞ்சும். இவற்றைச் சீராக்கும் அறுவையின் வரலாறு பொதுவாக நுட்பங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனைக் காத்திருப்பின் வரலாறாகவும் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இடைச்சுவர்க் கிழிசலை 1845-இல் லாதம் விவரித்தார். அதனை முதன்முதலில் அறுவையால் சீராக்கியவர் அமெரிக்கரான டென்டன் கூலி, ஆண்டு 1956. அந்நோயாளி கிழிசலுக்குப் பின் ஒன்பது வாரங்கள் உயிர்தரித்திருந்தவர் என்பது கருதத்தக்கது. நைந்த தசையில் தையல் நூல் அறுத்துக்கொண்டு போகும். விளிம்பு வடுவாக இறுகினால்தான் தையல் நிற்கும். எனவே காத்திருந்து அறுப்பதே அக்கால நெறியாயிற்று. இறந்த தசையை வெட்டாது, அதனைச் சூழ்ந்த நலமான தசையில் ஒட்டுத்திட்டைத் தைத்து ஒதுக்கிவிடும் டைரோன் டேவிட்டின் முறை 1990களில் பரவிய பின்னரும் இச்சிக்கல் தீரவில்லை. 2012-இல் வெளியான அமெரிக்கத் தரவாய்வில், ஏழு நாள்களுக்குள் அறுக்கப்பெற்றோரில் 54.1 விழுக்காட்டினரும் அதன்பின் அறுக்கப்பெற்றோரில் 18.4 விழுக்காட்டினரும் இறந்தனர். இதைக் காத்திருப்பின் பயன் என்று கொள்வது பிழை. காத்திருக்கையில் இறந்தோர் அப்பட்டியலில் இல்லை.

கிழிசலைக் குறைத்தது கத்தியன்று, காலம். முன்னர் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை கண்ட இடைச்சுவர்க் கிழிசல், உறைகட்டி கரைப்பு மருந்து தரப்பட்ட கஸ்டோ ஆய்வில் 41,021 பேரில் 84 பேருக்கே நேர்ந்தது.

இந்தியாவின் முதல் இதயத்தமனி மாற்றுவழி அறுவை 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியனால் செய்யப்பட்டது. எனினும் குன்னூர் வட்டத்து ஜெகதளாவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதற்கேள்வி அறுவை அரங்கு பற்றியதன்று. பர்லியாறு வழியே இறங்கும் மலைப்பாதை பற்றியது. சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நிகழ்த்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஸ்டெமி ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. கரைப்பு மருந்தை மலையிலேயே தொடங்கிவிட்டு நோயாளியைக் கீழே அனுப்ப இயலும் என்பதே இம்முறையில் ஜெகதளா போன்ற ஊர்களுக்கு உரிய செய்தி.

வாயுத்தொல்லை என்றெண்ணி வீட்டிலேயே இருந்து ஐந்தாம் நாள் இறப்பவர் எந்த அறுவைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆதலின் இவ்வரலாற்றை எழுதுவோர் மருத்துவமனைக் குறிப்புகளோடு ஊர்களின் இறப்புப் பதிவேடுகளையும் சேர்த்தே படிக்க வேண்டியுள்ளது.