சீனா போகிற திருப்பூர்க்காரர்களுக்கு: குவாங்சோவோடு சுவான்சோவும்

நம்மூர் பனியன் கம்பெனிக்காரர்களுக்குக் குவாங்சோ பழகின ஊர். வருஷத்துக்கு ரெண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், கான்டன் ஃபேர் நடக்கும். 1957லிருந்து நடக்கிறது. மூன்று கட்டங்களில் துணிமணிக்கு மூன்றாவது கட்டம். போய், பார்த்து, ஆர்டர் பேசி, நாலைந்து நாளில் திரும்பிவிடுவோம்.

அடுத்த முறை ரெண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு சுவான்சோ போய் வாருங்கள். பெயர் குழப்பும், ஊர் வேறு. ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரையில், 80 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரம். பக்கத்து ஷிஷியும் ஜின்ஜியாங்கும் ஆடைக்கும் ஷூவுக்கும் பேர்போனவை. அதனால் தொழிலும் பார்த்த மாதிரி ஆச்சு.

ஆனால் நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. 1281 ஏப்ரலில் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர், குப்ளாய் கானின் உடல்நலம் வேண்டி, கானின் அனுமதியோடு சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கல்லின் கடைசியில் சீன எழுத்தும் உண்டு.

மாதத்தைக் கவனியுங்கள். தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் கோடைக்காற்றில் சுவான்சோ சேரும். குளிர்கால வடகாற்றில் திரும்பும். சோங் காலத்தில் நல்ல காற்று வேண்டி அதிகாரிகள் ஜியூரி மலையில் வழிபாடே நடத்தினார்கள். அந்தக் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஏப்ரல் என்றால் வடகாற்று முடிந்த நேரம், கோடைக்கப்பல் இன்னும் வராத நேரம். அப்போது கோயில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்துபோன வியாபாரிகளாக இருக்க முடியாது, அங்கேயே தங்கியவர்கள் என்பது என் ஊகம். காற்றுக்காக மாசக்கணக்கில் காத்திருக்கணும்; காத்திருக்கிற ஊரில் சாமி வேணும், அதிகாரியின் தயவும் வேணும்.

அந்தத் துறைமுகத்தில் கடல் வாணிப அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா, 1225ல் எழுதிய நூலில் சோழநாட்டுப் பொருட்களில் பருத்தித் துணியையும் சேர்த்திருக்கிறார். ஆக, துணி அன்று இங்கிருந்து போனது. இன்று நாம் மெஷினும் ஜிப்பும் பார்க்க அங்கே போகிறோம்.

கோயில் இப்போது இல்லை. கற்கள் சிதறிக் கிடக்கின்றன. கையுவான் பௌத்தக் கோயில் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டில் நரசிம்மரைப் பார்க்கலாம். யானை லிங்கத்தை வணங்கும் சிற்பம் கடல்சார் அருங்காட்சியகத்தில். திருவானைக்காவல் ஞாபகம் வரும். ஜின்ஜியாங் பக்கம் செடியான் கிராமத்தில் ஒரு தெய்வச் சிலையைக் குவான்யின் என்று இன்றும் கும்பிடுகிறார்கள்.

போகும் வழி: குவாங்சோவிலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது, ஷியாமெனிலிருந்து என்றால் அரைமணி நேரம்தான். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் அவசியம், கையிலேயே இருக்கட்டும். அலிபேயில் கார்டை இங்கிருந்தே இணைத்துவிடுங்கள். கூகுள் மேப் நம்பிப் போகாதீர்கள். ஹோட்டல் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்திருங்கள்.

நாலு நாள் போதும் என்று நினைக்கிற நமக்கு, அங்கேயே வாழ்ந்த நம்மாட்கள் விட்டுப்போன கற்கள் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கின்றன. வியாபாரம் பேச விலை மட்டும் போதாது, இருந்து பழகவும் வேணும்.