தறிப் பேட்டையும் தொழிற்சங்கமும்

துணி உற்பத்திக்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் உருவாக்கிய குடியிருப்பு சிந்தாதிரிப்பேட்டை. ஜார்ஜ் மார்ட்டன் பிட் அப்போது சென்னையின் ஆளுநர். கூவம் வளைந்தோடும் இடத்தில், கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த சுங்குராமா செட்டியின் தோட்டம் இதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. நூற்போர், நெய்வோர், வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர், இவர்களுடன் கோயிலைச் சேர்ந்தவர்கள் மட்டுமே குடியேறலாம் என்பது ஏற்பாடு.

ஒரே தொழிலினரை ஓரிடத்தில் குடியமர்த்தியதில் கம்பெனிக்கு ஆதாயம் இருந்தது. தெருநீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போட ஒரு குடும்பத்தின் கைகள் போதா, அக்கம்பக்கத்தார் வேண்டும். நூற்ற நூல் அடுத்த தெருவிலேயே தறிக்குப் போகும். தறியிலிருந்து இறங்கிய துணி ஆற்றங்கரையில் வெளுப்புக்குப் போகும். தொலைவிலுள்ள நெசவூர்களில் பஞ்சமோ படையெடுப்போ வந்தாலும், கோட்டைக்கருகில் சரக்கு கிடைக்கும்.

ஆனால் நெசவாளி உயர்ந்தாரா? கம்பெனியின் முன்பணம் வணிகர் கைவழியாகவே தறிக்கு வந்தது. துணி தரம் குறைந்தால் விலையும் குறையும். முன்பணம் கடனாக நிற்கும். கூட்டாக வாழ்ந்ததன் பலன் உற்பத்தியில் தெரிந்தது, நெய்தவர் வாழ்க்கையில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. பேட்டையை அமைத்தவர்களே அதன் விதிகளையும் வகுத்தார்கள் என்பதே இதற்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது கைத்தறி நொடித்தது.

தொழிலாளர் தங்களுக்காகச் சேர்ந்த கதை பெரம்பூரில் தொடங்குகிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. முன்னணித் தலைவர்களுள் ஒருவர். மதிய உணவு இடைவேளையை நீட்டவேண்டும் என்பது முதல் கோரிக்கைகளுள் ஒன்று. வயிற்றுப்பாட்டிலிருந்து தொடங்கிய இந்தக் கோரிக்கை, தறிப் பேட்டை நெசவாளி ஒருபோதும் அமைப்பாக எழுப்ப முடியாதது.

அந்த ஒற்றுமைக்கும் விரிசல் வந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் வன்முறை வெடித்தது. சாதி வழியாகக் கூடும் வழக்கம், சங்கம் கட்டிய பின்னும் ஆலைக்குள்ளேயே உயிரோடிருந்தது; வேலைநிறுத்தத்தின் தோல்வியில் அதற்குப் பெரும் பங்குண்டு. இந்த வேலைநிறுத்தத்துக்கு முன்பே வாடியா மீது பின்னி தொடுத்த வழக்கு, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததை நாடறியச் செய்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சிந்தாதிரிப்பேட்டையின் நேப்பியர் பூங்கா 1990-இல் மே தினப் பூங்கா ஆனது. அங்கே எழுப்பப்பட்ட தொழிலாளர் நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் மே முதல் நாள் மலரஞ்சலி நடைபெறுகிறது.