மைனரின் வாய்ச்சொல்

பந்தல்குடிக் கரிசலில் ஒரு குறுக்கம் நிலத்தை விற்கப் பத்து வயதுப் பையன் கைநாட்டு வைத்தால் அதற்குச் சல்லிக்காசு மதிப்புக் கிடையாது. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் அதே பையன் கூண்டில் ஏறி, "வெட்டினது இவர்தான்" என்று விரலை நீட்டினால் ஒரு மனிதரின் கழுத்துக்கே அது சுருக்காகலாம். அதற்குத் தகப்பனார் சம்மதம் வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் வந்தது. ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர், பட்டம் இல்லாமலே திருச்சுழியில் வக்கீல் தொழில் நடத்தினாரே, அவர் காலத்துச் சட்டம். அதன் 118-வது பிரிவில் இத்தனை வயது என்று ஒரு கணக்கே இல்லை. கேள்வி புரிகிறதா, பொருத்தமாகப் பதில் சொல்ல முடிகிறதா, நீதிபதி பார்க்கவேண்டியது அவ்வளவுதான். பெற்றோரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இருந்தால்தான் ஆபத்து என்பேன். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தால் யாரிடம் போய் அனுமதி கேட்பது? "போகட்டும், பிள்ளை பேர் கெட்டுப்போகும்" என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டால், அந்தப் பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்?

இங்கிலாந்தில் 1779-ல் ஒரு வழக்கு. ஏழு வயதுகூட நிரம்பாத சிறுமிக்குத் தீங்கு நேர்ந்தது. கோர்ட்டில் அவளைப் பேச விடவில்லை. அவள் சொன்னதைத் தாய் வந்து சொன்னாள். பிறகு பன்னிரண்டு நீதிபதிகள் கூடி யோசித்து, தாய் கேட்டுச் சொல்வது சாட்சியமாகாது என்றார்கள். பொய்ச் சத்தியம் பாவம் என்று தெரிந்திருந்தால் குழந்தையே பிரமாணம் செய்து பேசலாம், வயது குறுக்கே நிற்காது என்றும் சொன்னார்கள்.

நம் தேசத்தில் பிரமாணமே ஒருமுறை சிக்கலாயிற்று. ராஜஸ்தானில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சத்தியத்தின் மகிமை தெரியாது என்று விசாரித்த நீதிபதி பிரமாணம் வாங்காமலே விட்டுவிட்டார். அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1951 டிசம்பரில் நீதிபதி விவியன் போஸ் சொன்ன தீர்ப்பு: பிரமாணம் இல்லாத குறைக்காகச் சாட்சியமே தள்ளுபடி ஆகாது. நடந்த சில மணி நேரத்துக்குள் சிறுமி தாயிடம் சொல்லியிருந்தாள். அதைத் தாய் கோர்ட்டில் சொன்னது மகளின் பேச்சுக்குப் பக்கபலமாயிற்று.

பெற்றோர் தடுப்பது ஒருபுறமிருக்க, சொல்லிக்கொடுத்துக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. வாய்க்காலுக்கும் வரப்புக்கும் பகை கொண்ட குடும்பத்தில் பிள்ளையின் நாவும் ஓர் ஆயுதம். அதனால்தான் கிளிப்பிள்ளைச் சாட்சியமா என்று கோர்ட்டுகள் துருவிப் பார்க்கின்றன.

2012-ல் வந்த போக்ஸோ சட்டப்படி போலீஸார் சீருடை இல்லாமல் குழந்தையிடம் வரவேண்டும். வாக்குமூலம் எழுதுகையில் பக்கத்தில் இருக்கவேண்டியவர் பெற்றோர், அல்லது குழந்தை நம்பும் வேறொருவர்.

2024 ஜூலையில் பழைய சாட்சியச் சட்டம் போய்ப் புதியது வந்தது. 118 என்ற எண் 124 ஆயிற்று. வயதுக் கணக்கு அதிலும் இல்லை, தகப்பனாரும் இல்லை.