உடலில் உள்ள இரும்பும் செல் துண்டும்

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உடலிலுள்ள இரும்பை அந்தப் பெரிய காந்தம் இழுத்துவிடாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இழுக்காது.

உடல் மேலதிக இரும்பை பெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைக்கிறது. 24 புரத அலகுகள் சேர்ந்த, ஏறத்தாழ 12 நனோமீற்றர் விட்டமுள்ள வெற்றுக் கோளம் அது. உள்ளே நுழையும் இரும்பு ஒட்சியேற்றமடைந்து, ஒட்சிசன் பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்து, துருவைப் போன்ற கனிமமாகப் படிகிறது. ஒரு கோளத்தில் 4,500 அணுக்கள் வரை அடங்கும். அந்தப் பாலங்களூடாக அயல் அணுக்கள் எதிரெதிராகத் திரும்பி, ஒன்றின் காந்தத்தை மற்றது பெரும்பாலும் இல்லாமலாக்கிவிடுகின்றன. மிஞ்சுவது சிறிதளவுதான். ஆனாலும் இரும்பு மிகுந்த ஈரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். அடிக்கடி இரத்தம் ஏற்றும் தலசீமியா நோயாளரின் ஈரல் இரும்பை அளக்க இதுவே உதவுகிறது.

செல் துண்டு அப்படியல்ல. உருக்கில் அணுக்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். காந்தம் அதை இழுக்கும், திருப்பும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் அருகே இருந்தால் ஆபத்து. ஈயம், செம்பு, அலுமினியத் துண்டுகள் அவ்வாறு இழுபடா. ஆனால் உள்ளே இருப்பது எது என்பது பலருக்குத் தெரியாது. பழைய காயம் என்று விட்டுவிடாமல், எங்கே பட்டது, துண்டு எடுக்கப்பட்டதா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இடம் பார்த்த பிறகே எம்.ஆர்.ஐ.யா, சி.ரி. ஸ்கானா என்று மருத்துவர் தீர்மானிப்பார்.