விலகிய தோள்: உலக்கையிலிருந்து ஆபரேஷன் வரை

எங்கள் வாலாஜாபேட்டைப் பக்கம் யாராவது விழுந்து தோள்பட்டை விலகினால், வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி வேலூர் சி.எம்.சி. போகலாம் என்னும். இன்னொரு கட்சி ஆந்திராவுக்குப் போய் புத்தூர் கட்டு போடலாம் என்னும். பஞ்சாயத்து முடிவதற்குள் நாட்கள் ஓடிவிடும். இந்த விஷயத்தில் அந்த நாள் கணக்குதான் எல்லாமே.

நழுவிய தோளை உட்கார வைக்கும் வித்தை ரொம்பப் பழசு. கி.மு. 1200 வாக்கில் எகிப்தில் வரைந்த ஒரு கல்லறை ஓவியத்திலேயே அது இருக்கிறது. கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கச் சொன்னார். நம் சுஸ்ருதர் உலக்கையால் அக்குளை உயர்த்தி, மூட்டு இடத்துக்கு வந்ததும் கட்டுப் போடச் சொன்னார். தோள் புதிதாக விலகியிருந்தால் இதெல்லாம் பலிக்கும்.

சுமார் மூன்று வாரம் தாண்டினால் கதை வேறு. நமது தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. பந்து வெளியே கிடந்தால் காலிக் கிண்ணத்தில் தழும்புத் தசை வளரும். சுற்றியுள்ள தசைகள் சுருங்கும். கிண்ணத்தின் விளிம்பு அழுத்தி பந்தில் பள்ளம் விழும். அக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் அதோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் பலமாக இழுத்தால் எலும்பு முறியும், ரத்தக் குழாய் கிழியும். ஐரோப்பாவில் கயிறும் கப்பியும் கட்டி இழுத்த காலத்தில் அப்படிச் செத்தவர்கள் உண்டு. 1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. அது தசையைத் தளர்த்தும், தழும்பைத் தளர்த்தாது.

எனவே திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் அன்று மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்துவிடும். 1867இல் கிருமிநாசினி முறையை அறிவித்த ஜோசப் லிஸ்டரே இதற்கும் வழி காட்டினார். இரண்டு தோளும் நெடுநாளாக விலகிக் கிடந்த இரண்டு பேருக்குச் செய்த ஆபரேஷன் பற்றி 1890இல் எழுதினார்.

அதற்குப் பிறகு வழிகள் பெருகின. தழும்பை நீக்கிப் பந்தை உள்ளே வைப்பது முதல் வழி. மறுபடி நழுவாமலிருக்க, தோள்பட்டை எலும்பின் மூக்கு போன்ற நுனியை வெட்டிக் கிண்ண விளிம்பில் திருகுவது லதர்ஜே 1954இல் சொன்ன முறை. பின்பக்கம் விலகி, பந்தில் பள்ளம் விழுந்திருந்தால், பக்கத்துத் தசைநாணை அந்தப் பள்ளத்தில் பதிப்பது மெக்லாஃப்லின் 1952இல் சொன்னது. பந்தே கெட்டுப்போனால் செயற்கை மூட்டு. தோளைச் சுழற்றும் தசைநாண்களும் போய்விட்ட முதியவர்களுக்கு, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய மூட்டு. பிரான்சின் கிராமோன் 1985இல் உருவாக்கியது.

இன்னொரு வழியும் உண்டு: சும்மா விடுவது! வயதானவர், வலி குறைவு, அன்றாட வேலைக்குக் கை உதவுகிறது என்றால் கத்தி வேண்டாம். தோளை அசைக்கும் பயிற்சி போதும்.

ஆனால் தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் தூக்குபவருக்கு அது போதாது, தோள்தான் அவர் சம்பளம். பெரிய ஆபரேஷன் செய்தாலும் கை முன்போலவே உயரும் என்று உறுதி கிடையாது. நம்மூருக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையில் 1866லேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கினார். தூரம் பிரச்சினையே இல்லை. அடிபட்ட அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால், பெரும்பாலும் கத்தியே இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிற வேலை இது. பஞ்சாயத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.