ஒற்றைக் கூம்பின் கதை

பிறந்த ஊரை விட்டுப் பல நூறு கல் தொலைவில் குடியேறி வாழும் நமக்குத் தாய்மொழி காதில் விழுவது பல நாட்களில் ஒரு பெட்டியின் வாயிலாகத்தான். தில்லியின் கரோல்பாகிலோ மும்பையின் மாதுங்காவிலோ ஒரு சிறு அறையில் தமிழ்க் குரல் ஒன்று எழுகிறது. சொற்கள் விளங்குகின்றன, செய்தியும் புரிகிறது. ஆயினும் பேசுபவர் நம் எதிரே அமர்ந்திருக்கிறார் என்னும் உணர்வு எல்லாப் பெட்டிகளிலும் பிறப்பதில்லை. ஒன்றில் அவர் தகரக் குவளைக்குள்ளிருந்து பேசுகிறார். மற்றொன்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிறார். ழகரமும் ளகரமும் ஒன்றாய்க் குழைந்துவிடுகின்றன. இதற்கு அறிவிப்பாளரையோ அலைவரிசையையோ நோவது நம் வழக்கம். பெரும்பாலும் குறை அங்கில்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதக் கூம்பிலும், அதைவிட மிகுதியாக அந்தப் பெட்டியின் அமைப்பிலுமே இருக்கிறது.

ஒரே கூம்பைக் கொண்டு, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அனைத்தையும் எழுப்பும் கருவியை முழுவீச்சு ஒலிபெருக்கி என்பர். அதனைச் சிறு மரப்பெட்டியில் பொருத்தி, சுருதி சேர்ப்பது போலத் திருத்தி எடுக்கும் கைவேலை உலகின் பல நாடுகளில் இன்றும் நடந்து வருகிறது. ரம்பமும் பசையும் இருந்தால் எவரும் தொடங்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குரிய கணக்கு எளிய மனிதர் கைக்கு வந்து சேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் சுருள் அசையும் என்பதை ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் 1874-இலேயே காப்புரிமையாகப் பதிந்து வைத்தார். 1898-இல் ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் லாட்ஜ் அதே கருத்தை ஒலிக்குப் பயன்படுத்த முனைந்தார். மின்னோட்டத்தைப் பெருக்கும் கருவி அந்நாளில் இல்லாமையால் அந்த முயற்சி பரவலான பயனுக்கு வரவில்லை. 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் அசையும் சுருளோடு ஒரு பெரிய ஊதுகொம்பை இணைத்துப் பெருங்கூட்டத்துக்கு முன் பேச்சை ஒலிக்கச் செய்தனர். கொம்பு ஒலியைப் பெருக்கியது. கூடவே தன் குரலையும் சேர்த்தது. 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தார் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில் கேட்போருக்கு வாய்த்தவை காதிலணியும் குழல்களும் இத்தகைய கொம்புகளுமே ஆகும்.

அடுத்த ஆண்டில் நிலைமை மாறிற்று. 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்னும் இரு பொறியாளர்கள் கொம்பே இல்லாத ஒலிபெருக்கி ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். சிறு காகிதக் கூம்பு, அதன் அடியில் சுருள், சுற்றிலும் காந்தம், முகப்பில் ஒரு பலகை: அவ்வளவுதான். அதன் நுட்பம் உருவத்தில் இல்லை. எந்தப் பொருளுக்கும் தானாக அதிரும் இயல்பான எண் ஒன்றுண்டு. அதற்கு முன்பு கருவி செய்தோர் பலர் அந்த எண்ணைக் கேட்கும் ஒலிகளின் நடுவிலே வைத்துவிட்டதால் அங்கே மட்டும் ஒலி கத்தியது. இவர்கள் கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்த எண்ணைத் தேவையான ஒலிகளுக்கெல்லாம் கீழே தள்ளினர். அதற்கு மேல், ஒலி உயர உயரக் கூம்பின் அசைவு குறைகிறது. ஆனால் அது காற்றைப் பற்றும் வலிமை அதே அளவில் கூடுகிறது. ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடு செய்வதால் ஒலி நெடுந்தூரம் சமமாக ஓடுகிறது. இன்றைய ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியிலேயே இயங்குகின்றன.

எனினும் ஒரு தொல்லை தீரவில்லை. கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்றை நெகிழ்த்துகிறது. இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வினாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அந்தத் தாழ்ந்த ஒலியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத பலகை தேவை. வாடகை அறையில் குடியிருப்பவர் கதவையா கழற்றுவார்? பழைய வால்வு ரேடியோக்களைச் செய்தோர் பலகையை மடித்து, முதுகு திறந்த பெட்டியாக்கி ஒருவாறு சமாளித்தனர். அதனாலேயே அவற்றில் ஆண்குரல் ஒருவிதக் கூடத்து முழக்கத்தோடு ஒலித்தது. அந்த முழக்கத்தை இனிமை என்று இன்றும் நினைவு கூர்வோர் உளர். நமக்கும் அது பிடித்தே இருந்தது. ஆனால் அது பேசியவரின் குரல் அன்று, தேக்குப் பெட்டியின் குரல்.

பின்புற ஒலியை வீணாக்காமல் வேலை வாங்கலாமே என்று எண்ணியவர் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ். 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் அவர் பெற்ற காப்புரிமையின் உட்பொருளைத் தமிழருக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கடத்தை நினைத்தாலே போதும். கட வித்துவான் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது தாழ்ந்த 'கும்' என்னும் நாதம் மாறுவதைக் கேட்டிருக்கிறோம். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு வில்சுருள் போலவும், கழுத்திலுள்ள காற்று அதன் நுனியில் கட்டிய எடை போலவும் நின்று அதிர்கின்றன. இந்த அனுநாதத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணக்கிட்டுக் காட்டினார். துராஸ் செய்தது, மூடிய பெட்டியில் ஒரு குழலைப் பொருத்தி அதனைக் கழுத்தாக்கியதே. கூம்பு சோர்வடையும் தாழ்ந்த ஒலியில் குழலின் காற்று எழுந்து பாடும். அவ்விடத்தில் பின்புற அலை திசை திரும்பி முன்புற அலைக்குத் துணை நிற்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பெட்டியின் உள்ளளவு 10 லிட்டர். குழலின் உள்விட்டம் 5 செ.மீ.; நீளம் 10 செ.மீ. இப்பெட்டி வினாடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வில் பாடும். குழலை 5 செ.மீ. ஆக வெட்டினால் அது 82-க்கு ஏறிவிடும். நீளம் பாதியானதால் எண் இரட்டிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழலின் இரு வாய்களுக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று கூடவே அசைவதால் குழல் தன் மெய்யளவினும் நீண்டதாகவே நடந்துகொள்கிறது.

ஆனால் 65 வேண்டுமா, 82 வேண்டுமா? ஒரு குறிப்பிட்ட கூம்புக்கு எத்தனை லிட்டர் பெட்டி தகும்? இதற்கு விடை தெரியாமலே முப்பது ஆண்டுகள் கழிந்தன. கைத்திறனும் காதும் உள்ளவர்கள் தட்டுத் தடுமாறிச் சென்றனர். இங்கிலாந்தின் இல்க்லியில் தம் வீட்டு நிலவறையில் 1932-இல் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1948-இல் எளிய நடையில் எழுதி வெளியிட்ட நூல் வீட்டுத் தச்சர்களுக்குத் துணையாயிற்று. அமெரிக்காவில் ஹாரி ஓல்சன் பல வடிவப் பெட்டிகளை அளந்து, உருண்டையே ஒலியைச் சீராக விடுகிறது, கூர்விளிம்புள்ள கனசதுரம் அலைக்கழிக்கிறது என்று காட்டினார். நம் நாட்டு ஊர்களில் மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைப் பொருத்திக் கேட்டவர்கள் ஓல்சனைப் படித்தவர்கள் அல்லர். கையில் இருந்தது பானை, நன்றாக ஒலித்தது, வைத்துக்கொண்டனர். 1954-இல் எட்வின் வில்சர் என்பார் குழலையே நீக்கி, பெட்டியை இறுக மூடி, உள்ளடங்கிய காற்றையே வில்லாக்கிச் சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியை வரவழைத்தார். அது பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அதற்கு நெகிழ்ந்த கனத்த கூம்பும் வலுவான பெருக்கியும் வேண்டியிருந்தன.

விடை வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. நெவில் தீல் என்னும் பொறியாளர், பின்னாளில் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தில் பணிபுரிந்தவர், 1961-இல் அங்குள்ள பொறியாளர் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பெட்டியும் கூம்பும் குழலும் சேர்ந்த அமைப்பை மின்வடிகட்டியாகக் கருதலாம். கூம்பின் இயல்பெண், அதன் தளர்ச்சி, காந்தத்தின் பிடிப்பு ஆகிய சில அளவுகளை அறிந்தால் பெட்டியின் கொள்ளளவையும் குழலின் நீளத்தையும் முன்கூட்டியே எழுதிவிடலாம் என்பது அதன் சாரம். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வெளியுலகம் அதை அதிகம் பொருட்படுத்தவில்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். 1971-இல் தீலின் கட்டுரை அமெரிக்க ஒலிப்பொறியியல் இதழில் மறுபதிப்பாயிற்று. ஸ்மாலின் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. அதன்பின் கூம்பு விற்போர் அந்த அளவுகளை அச்சிட்டுத் தரத் தொடங்கினர். ஆய்வுக்கூடத்தின் உடைமையாயிருந்த ஒன்று, ரிச்சி தெருவிலோ லாமிங்டன் சாலையிலோ ஒரு கூம்பை வாங்கிக்கொண்டு போகிறவரின் சட்டைப் பையில் ஏறிற்று. இக்கதையில் நாம் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி இதுவே.

அப்படியானால் ஒற்றைக் கூம்பு ஏன்? தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்ததற்கு ஒன்று எனப் பகுத்தால் ஒவ்வொன்றும் தன் வேலையை நன்கு செய்யும் என்பது உண்மை. ஆனால் இரண்டுக்கும் எல்லை பெரும்பாலும் வினாடிக்கு 2000, 3000 அதிர்வுகளை ஒட்டி வகுக்கப்படுகிறது. மெய்யெழுத்துக்கள் தம்முள் வேறுபட்டுத் தெரியும் இடமும் அதுவே. அங்கே தையல் சரியாக அமையாவிட்டால் ஒரே வாயிலிருந்து வர வேண்டிய சொல் இரு வாய்களிலிருந்து வரும். ஒற்றைக் கூம்பில் தையலே இல்லை. அதற்கு விலையும் உண்டு. 10 செ.மீ. கூம்பு மிருதங்கத்தின் தொப்பியை முழுமையாகத் தராது; உயர்ந்த ஒலிகளைத் தன் நேரெதிரே குவித்துவிடும். இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பார் கூம்பின் நடுவே மற்றொரு சிறு கூம்பை ஒட்டி உயர்ந்த ஒலியைக் கூட்டினார். நம் காதுக்கு அவ்வகையில் சில வேளைகளில் சகரம் கூசுகிறது, ஒப்பாதவர் இருக்கலாம். 1960-களில் வெளிவந்த ஜோர்டன்-வாட்ஸ் சிறு உலோகக் கூம்பும், பின்னர் ஜப்பானியர் செய்த காகிதக் கூம்புகளும் வீட்டுத் தச்சர்களிடையே இந்த மரபை உயிரோடு வைத்தன. ஜோர்டன்-வாட்ஸ் தம் கூம்பைப் பீங்கான் குடுவையிலும் அடைத்து விற்றனர் என்பதைக் கேட்டால் நம் பானைக்காரர்கள் சிரிப்பார்கள்.

கணக்கு முடிந்த பிறகும் கைக்கும் காதுக்கும் வேலை எஞ்சுகிறது. நாம் முதலில் செய்த பெட்டி மெல்லிய பலகையால் ஆனது. குரலோடு பலகையும் பேசிற்று. குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து ஒட்டிய பின்னரே அது அடங்கியது. குழல் எந்த எண்ணில் பாடுகிறது என்று காண, சீராக ஏறும் ஒற்றைத் தொனியைச் செலுத்திக் குழலின் வாயருகே ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்தோம். குறிப்பிட்ட ஓரிடத்தில் சுடர் துடித்தது. அதே வேளையில் கூம்பின்மேல் தூவிய காகிதத் துணுக்குகள் ஏறத்தாழ அசையாமல் கிடந்தன. அதுவே பெட்டியின் சுருதி. கணக்கிட்டதைவிடக் கீழே நின்றது. குழலை ஒரு விரற்கடை அறுத்தோம். உள்ளே இலவம்பஞ்சைச் சிறிதாகப் பிரித்து வைத்தபோது குரலின் குகைத்தன்மை நீங்கிற்று. மிகுதியாகத் திணித்தபோது உயிரும் நீங்கியதால் பாதியை எடுத்துவிட்டோம்.

இன்னும் குரல் மெலிந்தே இருந்தது. சிறு பெட்டியில் தாழ்ந்த ஒலிகள் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடுகின்றன. உயர்ந்தவை முன்னால் மட்டுமே செல்கின்றன. 20 செ.மீ. அகல முகப்பில் இந்தப் பிரிவு ஏறத்தாழ 600 அதிர்வையொட்டி நிகழ்கிறது. இதற்குக் கம்பிச் சுருளும் மின்தடையும் சேர்த்து ஈடு செய்வோர் உண்டு. நாம் பெட்டியைச் சுவரோடு நெருக்கி அலமாரியில் வைத்தோம். மறுநாள் காலைச் செய்தியில் ழகரம் ழகரமாகவே வந்தது.