திருச்சி, ஸ்ரீரங்கத்தில் சந்தேகமான நடமாட்டமா? யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்கும்?

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரியைக் காலையில் திறந்த ஊழியர்கள் பார்த்தது காலியான நகைத் தட்டுகளைத்தான். சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்க, வைர நகைகளைக் காணவில்லை. சிசிடிவியைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர் நிதானமாக நகைகளை அள்ளுகிறார்கள். இருவர் முகத்திலும் விலங்கு முகமூடி. மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப் பொடியும் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் இரவே துப்பு கிடைத்தது. கிடைத்த இடம் திருச்சி அல்ல, திருவாரூர். வழக்கமான வாகன சோதனையில் போலீஸார் ஒரு பைக்கை மடக்க, ஒருவர் தப்பி ஓடினார், இன்னொருவர் நகைப் பையோடு சிக்கினார். அதே ஆண்டு ஜனவரியில் நம்பர் 1 டோல்கேட் பகுதியில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் சுவரைத் துளையிட்டு லாக்கர்களை உடைத்ததும் இதே கும்பல்தான் என்று விசாரணைக்குப் பிறகு போலீஸார் தெரிவித்தனர். அது நடந்தது குடியரசு தினமும் ஞாயிறும் சேர்ந்து வந்த விடுமுறையில்.

கேமரா பார்த்தது முகமூடியைத்தான். ஆளைப் பிடித்தது, ரோட்டில் நின்று "யாருப்பா, எங்க போற?" என்று கேட்ட காவலர். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் பின்பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் சுற்றுவதும் அந்தத் தெருவில் குடியிருப்பவர் கண்ணில்தான் முதலில் படும். அந்தத் தகவல் காவல் நிலையம் வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

போகாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். "நமக்கேன் வம்பு", "ஸ்டேஷனுக்குப் போனா சாட்சின்னு அலைய விடுவாங்க", "சொன்னது யாருன்னு தெரிஞ்சா நாளைக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பான்". இவற்றில் எதையும் வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பயத்தைப் போக்க இந்தியாவில் நடந்த முயற்சிகளில் அதிகம் பேசப்பட்ட ஒன்று திருச்சியிலேயே நடந்தது.

திருச்சி 'பீட்' முறை என்றால் என்ன?

1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர் ஜே.கே.திரிபாதி. மதப் பதற்றம் மாநகரை ஆட்டிப் படைத்த சமயம் அது. மாநகரத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட 'பீட்'களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காவலர்களை நிரந்தரமாக ஒதுக்கினார். ரோந்து என்பது அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர் என்று வந்தால் யாரிடம் மனம்விட்டுப் பேசுவது? அதே காவலர் அதே தெருவுக்குத் திரும்பத் திரும்ப வந்தபோது டீக்கடைக்காரருக்கும் பால்காரருக்கும் அவர் பெயர் தெரிந்தது, அவருக்கும் இவர்கள் பெயர் தெரிந்தது. சின்னச் சண்டைகளை ஸ்டேஷன் வரை வரவிடாமல் தெருவிலேயே பேசித் தீர்க்கவும் பீட் காவலருக்கு இடம் கொடுக்கப்பட்டது.

அதோடு சேர்த்து, பொது இடங்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் எழுத வேண்டியதில்லை, ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. 'சொன்னது யாருன்னு தெரிஞ்சா' என்ற பயத்துக்கு இதைவிட எளிமையான பதில் இருக்க முடியாது. குடிசைப் பகுதிகளைக் காவல் துறை தத்தெடுக்கும் திட்டமும் இருந்தது. கேரளா 2008-ல் 'ஜனமைத்ரி' என்ற பெயரில் தொடங்கிய திட்டத்துக்கும் பீட் காவலர்தான் அச்சாணி. ஜப்பானில் தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் 'கோபன்' எனப்படும் சின்னக் காவல் சாவடிகளும் இதே கணக்கில் ஓடுபவைதான்.

இதில் ஒரு முரணும் உண்டு. லலிதா ஜுவல்லரி கொள்ளை நடந்தபோது தமிழகத்தின் டிஜிபி இதே திரிபாதிதான். ஒரு நல்ல ஏற்பாடு ஒரு முறை நடந்தது என்பதால் அது தானாக ஓடிக்கொண்டே இருக்காது. ஆள் பற்றாக்குறை, பந்தோபஸ்து வேலை, அதிகாரிகள் மாற்றம் என்று பீட் காவலரை இழுத்துப் போக ஆயிரம் காரணங்கள் வரும். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நாட்களை நினைத்துப் பார்த்தாலே புரியும்: கூட்டத்தைக் கட்டுப்படுத்தவே போலீஸ் போதாத நேரத்தில் தெரு ரோந்துக்கு யார் மிச்சம்?

ஆகவே உங்கள் தெருவுக்கு இப்போது பீட் காவலர் யார், அவர் செல்போன் எண் என்ன என்பதை ஸ்டேஷனில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தால் அதன் மூலம் கேட்பது இன்னும் எளிது.

எந்த ஸ்டேஷன்? கொள்ளிடம்தான் எல்லைக்கோடு

திருச்சியில் இரண்டு காவல் அமைப்புகள் உண்டு. 1997-ல் உருவான மாநகரக் காவல் ஆணையரகம் ஒன்று, எஸ்.பி. தலைமையிலான மாவட்டக் காவல் துறை இன்னொன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கம் மாநகர போலீஸின் கீழ் வருகிறது. பாலத்தைத் தாண்டி நம்பர் 1 டோல்கேட் போனால் அது மாவட்ட போலீஸ். பஸ்ஸில் சில நிமிடத் தூரம்தான், ஆனால் ஆணையரும் எஸ்.பி.யும் வேறு வேறு.

செயின் பறிப்பு பாலத்தின் மேலே நடந்தால் என்ன செய்வது? "அது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டம் இடம் தருவதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அங்கே 'ஜீரோ எஃப்ஐஆர்' போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஆன்லைனில் புகார் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

போனில் என்ன சொல்ல வேண்டும்?

இப்போது, இந்த நிமிடத்தில் ஏதோ நடக்கிறது என்றால் 100 அல்லது 112. எடுப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "உத்தர வீதி" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம். திருச்சி, ஸ்ரீரங்கம், வடக்கு உத்தர வீதியா தெற்கா, பக்கத்தில் என்ன கடை என்று வரிசையாகச் சொல்லுங்கள். வண்டி எண், எந்தத் திசையில் போனார்கள், எத்தனை பேர் என்பது அடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சொல்ல வேண்டியது ஆள் எப்படி இருந்தார் என்பதைவிட, அவர் என்ன செய்தார் என்பது. "வட மாநிலத்துக்காரன் மாதிரி ஒருத்தன் நிக்கிறான்" என்பது தகவல் இல்லை. "மூணு நாளா ஊருக்குப் போயிருக்கிற வீட்டோட பூட்டை ஒருத்தர் இழுத்துப் பாத்துட்டுப் போனார், மத்தியானம் ரெண்டு மணிக்கு" என்பது தகவல். அம்மா மண்டபம் முதல் ராஜகோபுரம் வரை ஸ்ரீரங்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் வராத நாளே கிடையாது. வெளியூர் முகம் என்பதே சந்தேகம் என்றால் ஊரில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்ணை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாருடைய போட்டோவையாவது போட்டு "இவன்தான் திருடன், ஷேர் பண்ணுங்க" என்று எழுதுவதற்கு முன்பு இதை நினைத்துப் பார்க்க வேண்டும். போட்டோ, வீடியோ இருந்தால் நேராக பீட் காவலருக்கு அனுப்பினால் போதும்.

காவல் துறையோடு சேர்ந்து பொதுமக்களே ரோந்து போகும் முயற்சிக்கும் தமிழகத்தில் ஒரு வரலாறு உண்டு. 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. சாத்தான்குளம் சம்பவத்தில் அதன் மீது குற்றச்சாட்டு எழ, 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை விதித்தது. கண்காணிப்பது பொதுமக்கள் வேலை, மடக்கி விசாரிப்பது போலீஸ் வேலை. இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சிஎஸ்ஆர் வேறு, எஃப்ஐஆர் வேறு

புகார் கொடுத்ததும் கையில் ஒரு ரசீது தருவார்கள். அதுதான் சிஎஸ்ஆர். 'மனு வந்து சேர்ந்தது' என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பலர் இதை வாங்கிக்கொண்டு, கேஸ் போட்டாயிற்று என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திருட்டு, வழிப்பறி போன்ற, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்களில் எஃப்ஐஆர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

ஒரு நுணுக்கம்: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு முடிவெடுக்கப் புதிய சட்டம் அனுமதிக்கிறது. எனவே 'இரண்டு வாரம் கழித்து வாங்க' என்று சொன்னால், எந்தப் பிரிவு, யார் அனுமதி என்று கேட்கலாம். பதிவு செய்யவே மறுத்தால் புகாரை எழுதி தபாலில் உயரதிகாரிக்கு அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். புதன்கிழமைகளில் நடக்கும் குறைதீர் முகாமில் ஆணையர் அலுவலகத்திலேயே மனு தரலாம் என்பது இன்னொரு வழி. வழக்கு பதிவானால், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் போலீஸுக்கு உண்டு.

'சாட்சின்னு அலைய விடுவாங்க' என்ற பயத்துக்கும் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும், உடல்நலம் குன்றியவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் போலீஸ் விசாரிக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் அடையவளஞ்சான் வீதியில் என்று எத்தனையோ வீடுகள் இருக்கும் ஸ்ரீரங்கத்தில், இது தெரிந்தால் வாய் திறப்பவர்கள் கூடுவார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்களா?

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எத்தனை நாள், சாவி யாரிடம், உங்கள் எண் என்ன என்பது போதும். இரவு ரோந்தில் அந்தத் தெருவையும் பார்த்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் ரோந்துக் காவலர் கையெழுத்துப் போட 'பட்டா புத்தகம்' மாட்டி வைத்திருப்பார்கள். ஆனால் எந்தத் தேதியில் ஊருக்குப் போகிறீர்கள் என்பதை ஃபேஸ்புக்கில் போடாமல் இருப்பது எல்லா ரோந்தையும்விட மலிவான பாதுகாப்பு.

தெருவிளக்கு எரியவில்லை, புதர் மண்டிக் கிடக்கிறது, பாழடைந்த கட்டடத்தில் இரவில் கூட்டம் சேருகிறது என்பதும் பாதுகாப்புப் புகார்தான். விளக்குக்கும் புதருக்கும் மாநகராட்சியின் மண்டல அலுவலகம், கூட்டத்துக்கு போலீஸ். ஒரே மனுவை இரண்டு இடத்துக்கும் கொடுத்து, இரண்டிலும் ரசீது வாங்கிக்கொள்வது நல்லது.

திருட்டே நடந்துவிட்டால், உள்ளே போய் எதையும் தொடாமல், பீரோவை ஒழுங்குபடுத்தாமல் முதலில் போலீஸை அழைக்க வேண்டும். கைரேகை அதில்தான் இருக்கும். எதிர்வீட்டு சிசிடிவி பதிவை அன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சேமிப்பு நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். காணாமல் போன நகைகளின் பட்டியலை எடை, வடிவம், கல் என்று விவரமாகப் புகாரிலேயே எழுதுவது முக்கியம். நகை மீட்கப்பட்டாலும் போலீஸார் நேராகக் கையில் தரமாட்டார்கள். நீதிமன்றத்தில் மனு போட்டு, இது என்னுடையதுதான் என்று காட்டித்தான் வாங்க வேண்டும். அந்த நேரத்தில் கைகொடுப்பது கடை பில்லும், அந்த நகையைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாண போட்டோவும்தான். பில்லை நகையோடு அதே பீரோவில் வைக்காதீர்கள்.